ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் என்ன ஃபோன் வாங்கலாம்? கடைக்குப் போறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன், 15,000 ரூபாய்க்குள்ள நல்ல ஃபோன் எது?" இந்தக் கேள்வியை யார்கிட்ட கேட்டாலும் கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்னு ஆரம்பிச்சிடுவாங்க. நாம இங்க பணத்தைப் பத்திப் பேசறவங்க. அதனால வேற ஒரு பக்கத்துல இருந்து பார்ப்போம்.

ரிட்டயர் ஆகிற மாசத்துல என்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. கிராஜுவிட்டி, பி.எஃப்., லீவ் சரண்டர் பணம் எல்லாம் மொத்தமா ஒரே பேங்க் அக்கவுன்ட்டுக்கு வருது. வாழ்க்கையில அவ்வளவு பெரிய தொகை அந்த அக்கவுன்ட்ல முன்னாடியும் இருந்திருக்காது, பின்னாடியும் இருக்காது. அதே மாசத்துலதான் பழைய ஆபீஸ் சிம்மைத் திருப்பிக் கொடுப்பீங்க, புது ஃபோன் வாங்குவீங்க, மகனோ மகளோ புதுசா ஆப் போட்டுக் கொடுப்பாங்க. மொத்தப் பணமும் ஒரு பக்கம், அதுக்கான சாவி மாறுறது இன்னொரு பக்கம். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது.

வேலையில இருக்கிறப்போ 20,000 ரூபாய் போயிடுச்சுன்னா, அடுத்த ரெண்டு மாசச் சம்பளத்துல சமாளிச்சிடலாம். ரிட்டயர்மென்ட்ல போனது போனதுதான். அதனால இந்த வயசுல ஃபோனை ஒரு பொருளாப் பார்க்காதீங்க, உங்க பீரோ சாவியாப் பாருங்க. சாவி யார் பேர்ல இருக்கு, எந்தப் பூட்டுக்கு, தொலைஞ்சா என்ன செய்யணும்? இதையெல்லாம் முடிவு பண்ணிட்டா, எந்த மாடல்ங்கிறது ரொம்பச் சின்ன விஷயம்.

முதல்ல நம்பர், அப்புறம்தான் ஃபோன்

உங்க பேங்க் அக்கவுன்ட், ஆதார், பான், பென்ஷன், கேஸ் புக்கிங், மெடிக்ளெய்ம் எல்லாத்துக்கும் ஓடிபி எந்த நம்பருக்கு வருது? ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்க. மூணு விதமான சிக்கல் வெளியே வரும்.

ஒண்ணு, ஆபீஸ் கொடுத்த நம்பர். அரசுத் துறை, மின்வாரியம், பேங்க், தனியார் கம்பெனின்னு பல இடங்கள்ல குரூப் சிம் கொடுப்பாங்க. பதினஞ்சு வருஷமா அதையே பேங்க்ல கொடுத்திருப்பீங்க. ரிட்டயர்மென்ட்டுக்குக் குறைஞ்சது மூணு மாசம் முன்னாடியே உங்க சொந்த நம்பரை ஆதார்லயும் பேங்க்லயும் மாத்திடுங்க. கடைசி நாள் மாலை போட்டு வழியனுப்பின பிறகு இதுக்கு அலையாதீங்க.

ரெண்டு, பிள்ளைங்க பேர்ல இருக்கிற நம்பர். "நான் வாங்கித் தர்றேன்ப்பா"ன்னு மகன் தன் ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கியிருப்பார். நல்ல எண்ணம்தான். ஆனா ஃபோன் தொலைஞ்சா டூப்ளிகேட் சிம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் கொடுப்பாங்க. மகன் சிங்கப்பூர்ல, நீங்க திருநெல்வேலியில, சிம் அவர் பேர்லன்னா, உங்க பேங்க் வேலை அவர் லீவுல வர்ற வரைக்கும் நின்னுடும். நம்பர் மாறாமலே பேரை மட்டும் மாத்திக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து கம்பெனி ஷோரூமுக்கு ஒரு தடவை போகணும், அவ்வளவுதான்.

மூணு, வீட்டம்மா அக்கவுன்ட்டுக்கும் கணவர் நம்பர். நம்ம ஊர்ல இது ரொம்ப சகஜம். கணவர் இருக்கிற வரைக்கும் ஒரு பிரச்சினையும் தெரியாது. அவர் காலமான பிறகு அந்தச் சிம்முக்கு ரீசார்ஜ் நின்னுபோகும், ஃபேமிலி பென்ஷன் வர்ற அக்கவுன்ட்டோட ஓடிபியும் அதோட போகும். துக்கத்துல இருக்கிற ஒரு அம்மா பேங்க் பேங்க்கா ஏறி இறங்கணும். அவங்க பேர்ல ஒரு சிம், அவங்க பேர்ல ஒரு அக்கவுன்ட், அதுல அவங்க நம்பர். இதை இன்னிக்கே செய்யலாம், பெரிய செலவும் இல்ல.

இன்னொரு விஷயம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத சிம்மை கம்பெனி முடக்கலாம். முடக்கின நம்பரைக் குறைஞ்சது 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுத்துடலாம். அப்படிக் கைமாறுற நம்பர்களோட பட்டியலை வாரம் ஒரு தடவையாவது பார்த்துச் சரி பண்ணணும்னு 2025 ஏப்ரல்ல இருந்து யுபிஐ நடத்துற என்பிசிஐ பேங்குகளுக்கு விதி போட்டிருக்கு. அதனால "அந்தப் பழைய நம்பர் சும்மா மேஜையில கிடக்கு"ன்னு விட்டுட்டா, அதுல இருக்கிற யுபிஐ தானா நின்னுடவும் வாய்ப்பு இருக்கு. பேங்க்ல கொடுத்த நம்பர் எப்பவும் உயிரோட இருக்கணும்.

உங்களுக்கு ஃபோன் எதுக்கு? நாலு வேலையா பிரிங்க

அடுத்தது, நீங்க ஃபோன்ல உண்மையில என்ன செய்யறீங்கன்னு பாருங்க. எல்லாத்தையும் நாலு வேலைக்குள்ள அடக்கிடலாம்.

பேச்சு மட்டும்: பட்டன் ஃபோன் போதும். ஆனா 4ஜி இருக்கிற பட்டன் ஃபோனா வாங்குங்க. ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, பழைய 2ஜி செட்ல அந்தச் சிம் வேலை செய்யாது. பட்டன் ஃபோன்லயும் பணம் அனுப்ப வழி இருக்கு. 2022 மார்ச்ல ரிசர்வ் வங்கி ஆரம்பிச்சு வச்ச யுபிஐ 123பே மூலமா, இன்டர்நெட் இல்லாமலே ஒரு நம்பருக்குக் கால் பண்ணி பணம் செலுத்தலாம்.

பேச்சும் பேரப்பிள்ளைங்க முகமும்: வாட்ஸ்அப் வீடியோ கால், யூடியூப்ல கச்சேரி, கோயில் நேரலை, செய்தி. இதுக்குச் சாதாரண ஸ்மார்ட்ஃபோன் தாராளம். பெரிய திரை, சத்தமான ஸ்பீக்கர் இந்த ரெண்டுதான் முக்கியம்.

பணம்: யுபிஐ, பேங்க் ஆப், மியூச்சுவல் ஃபண்ட். இதுக்குத்தான் பாதுகாப்பு அப்டேட் வர்ற ஃபோன் கண்டிப்பா வேணும். கீழே விவரமா பார்ப்போம்.

வாழ்நாள் சான்றிதழ்: "ஜீவன் பிரமானுக்காக நல்ல கேமரா ஃபோன் வாங்கணும்"னு பலர் நினைக்கிறாங்க. முகத்தைக் காட்டிச் சான்றிதழ் கொடுக்கிற வசதி 2021 நவம்பர்ல வந்தது. அதுக்கு உங்க சொந்த ஃபோன்தான் வேணும்னு இல்ல. மகள் ஃபோன்ல, பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன்ல, பென்ஷனர் சங்க முகாம்லகூட முடிச்சிடலாம். போஸ்ட்மேனை வீட்டுக்கே வரச் சொல்லி, கட்டணம் கொடுத்தும் செய்யலாம். மத்திய அரசு பென்ஷனர்களுக்கு நவம்பர் மாசம், 80 வயசு ஆனவங்களுக்கு அக்டோபர் 1ல இருந்தே நேரம். இபிஎஸ் பென்ஷனர்கள் வருஷத்துல எப்ப வேணாலும் கொடுக்கலாம், கொடுத்த நாள்ல இருந்து ஒரு வருஷம் செல்லும். வருஷத்துல ஒரு நாள் வேலைக்காக பத்தாயிரம் ரூபாய் கூடுதலா செலவு பண்ணாதீங்க.

விலையைப் பார்க்காதீங்க, வருஷக் கணக்கைப் பாருங்க

சரி, பணம் ஓடுற ஃபோன்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்க. எவ்வளவு போடலாம்?

ஒவ்வொரு ஸ்மார்ட்ஃபோனுக்கும் பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் வரும்னு கம்பெனி ஒரு கணக்கு வச்சிருக்கும். அது நின்ன பிறகும் ஃபோன் ஓடும், பேசலாம், படம் பார்க்கலாம். ஆனா புதுசா கண்டுபிடிக்கிற ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டாங்க. கொஞ்ச வருஷத்துல பேங்க் ஆப்புகளும் "இந்த ஃபோன்ல ஓடாது"ன்னு சொல்லிடும். வாட்ஸ்அப்பே 2025 மே மாசம் ஐஃபோன் 6 மாதிரி பழைய மாடல்களைக் கைவிட்டுடுச்சு.

அதனால கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் வரும்?" அந்த 'இன்னும்' ரொம்ப முக்கியம். கணக்கு ஃபோன் சந்தைக்கு வந்த தேதியில இருந்து ஓடும், நீங்க வாங்கின தேதியில இருந்து இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி வந்த மாடலை ஆஃபர்ல வாங்கினா, ரெண்டு வருஷம் ஏற்கெனவே கழிஞ்சாச்சு.

இப்ப கணக்குப் போடலாம். மூணு ஃபோன்னு வச்சுக்குங்க.

8,000 ரூபாய் ஃபோன், மீதி அப்டேட் 2 வருஷம்: வருஷத்துக்கு 4,000. மாசம் ஏறக்குறைய 333 ரூபாய்.

15,000 ரூபாய் ஃபோன், மீதி அப்டேட் 5 வருஷம்: வருஷத்துக்கு 3,000. மாசம் 250 ரூபாய்.

60,000 ரூபாய் ஃபோன், மீதி அப்டேட் 7 வருஷம்: வருஷத்துக்கு 8,571. மாசம் ஏறக்குறைய 714 ரூபாய்.

பார்த்தீங்களா? மூணுல மலிவு நடுவுல இருக்கிறதுதான். 8,000 ரூபாய் ஃபோன் கையில இருந்து கம்மியா போகுதே தவிர, கணக்குல கம்மி இல்ல. பெரிய விலை ஃபோன்ல மட்டும்தான் நீண்ட அப்டேட் கிடைக்கும்னும் நினைக்காதீங்க. கூகுள் பிக்சல் 8, சாம்சங் எஸ்24 வரிசைக்கு 7 வருஷம்னு அறிவிச்சாங்க. அது சரி, விலையும் அதிகம். ஆனா 2024ல 20,000 ரூபாய்க்குள்ள வந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கே 6 வருஷம்னு சொன்னாங்க. தேடினா நடுத்தர விலையிலயே கிடைக்கும்.

60,000க்கும் 15,000க்கும் வித்தியாசம் 45,000 ரூபாய். அந்தப் பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 8.2 சதவீத வட்டிக்குப் போட்டா வருஷத்துக்கு 3,690 ரூபாய் வரும். அதாவது நடுத்தர ஃபோனோட வருஷச் செலவை வட்டியே கட்டிடும், மேல 690 ரூபாய் மிச்சம். உங்களுக்குப் புகைப்படம் எடுக்கிறதுல உண்மையான ஆசை இருந்தா தாராளமா பெரிய ஃபோன் வாங்குங்க, அதுக்குத்தானே உழைச்சீங்க. "ரிட்டயர் ஆயிட்டோமே, நல்லதா ஒண்ணு இருக்கட்டும்"னு மட்டும்னா, கொஞ்சம் யோசிங்க.

இபிஎஸ் பென்ஷன்ல குறைந்தபட்சத் தொகை மாசம் 1,000 ரூபாய். அதை மட்டும் நம்பி இருக்கிறவங்களுக்கு 15,000 ரூபாய் ஃபோன்ங்கிறது பதினஞ்சு மாசப் பென்ஷன். அவங்களுக்கு 4ஜி பட்டன் ஃபோனும் பாஸ்புக்கும் போதும். அதுல ஒரு குறைச்சலும் இல்ல.

எதைச் செய்தாலும் பென்ஷனை வச்சு இஎம்ஐல ஃபோன் வாங்க வேண்டாம். 'நோ காஸ்ட்'னு போட்டிருந்தாலும் பிராசஸிங் ஃபீஸ், வட்டிக்கு மேல ஜிஎஸ்டின்னு ஏதாவது ஒரு மூலையில வந்து நிக்கும்.

"அப்பா, என் பழைய ஃபோனை வச்சுக்குங்க"

நம்ம வீடுகள்ல அதிகமா நடக்கிறது இதுதான். மகன் புதுசு வாங்குவார், பழசு அப்பாவுக்கு வரும். இலவசம்தானேன்னு வாங்கி வைக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

செட்டிங்ஸ்ல 'அபவுட் ஃபோன்' போய் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதின்னு பாருங்க. ஒரு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா அந்த ஃபோன் பாட்டுக்கும் வீடியோவுக்கும் மட்டும். பேங்க் ஆப் போடாதீங்க.

மகனோட கூகுள் அக்கவுன்ட்டை எடுத்துட்டு, முழுசா அழிச்சு, உங்க பேர்ல புது அக்கவுன்ட் போட்டு ஆரம்பிங்க. அவர் அக்கவுன்ட்லயே ஓட்டினா உங்க ஃபோட்டோ, கான்டாக்ட் எல்லாம் அவர் பக்கம் போகும். அவர் பாஸ்வேர்ட் மாத்தினா உங்க ஃபோன் தவிக்கும்.

பேட்டரி. மதியத்துக்குள்ள சார்ஜ் தீர்ந்துபோற ஃபோனோட வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பேட்டரி மாத்த எவ்வளவுன்னு கேளுங்க. அப்டேட் இன்னும் ரெண்டு மூணு வருஷம் மீதி இருந்தா, பேட்டரி மாத்தறது நல்ல லாபம்.

ரீசார்ஜ்ல மாசாமாசம் கசியற பணம்

ஃபோன் விலை ஒரு தடவை. ரீசார்ஜ் வாழ்நாள் முழுக்க. தினம் 2 ஜிபி டேட்டா பேக் போட்டுட்டு, வீட்டு வைஃபையில உட்கார்ந்திருக்கிறவங்க எத்தனை பேர்?

2024 டிசம்பர்ல ட்ராய் ஒரு விதி கொண்டு வந்தது. டேட்டா இல்லாம பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கிற பேக்கை எல்லாக் கம்பெனிகளும் கொடுக்கணும், அதுக்கு 365 நாள் வரைக்கும் வேலிடிட்டி வைக்கலாம்னு. அது இப்ப கிடைக்குது. ஆனா ரீசார்ஜ் கடையில அவங்களா சொல்ல மாட்டாங்க. "வாய்ஸ் மட்டும், லாங் வேலிடிட்டி"ன்னு நீங்க கேட்கணும். ரேட் அடிக்கடி மாறுது, அன்னிக்கு என்னன்னு ஆப்ல பார்த்துக்குங்க. ஓடிபி எல்லாம் எஸ்எம்எஸ்ல வர்றதால அதுக்கு டேட்டா வேண்டாம்.

யாருக்கு இது சரிப்படும்? வீட்ல வைஃபை இருக்கிறவங்க, பட்டன் ஃபோன் வச்சிருக்கிறவங்க, வீட்டம்மாவோட ரெண்டாவது சிம். காய்கறிக் கடையில, பஸ்ல யுபிஐ பயன்படுத்தறவங்களுக்கு மட்டும் டேட்டா பேக் தேவை. வருஷ வேலிடிட்டி எடுத்தா இன்னொரு நன்மை: ரீசார்ஜ் மறந்து சிம் முடங்குற பயம் இல்ல. முடியிற தேதியைக் காலண்டர்ல எழுதி வைங்க.

பென்ஷன் அக்கவுன்ட்டுக்கு யுபிஐ வேண்டாம்

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வேன்னு நீங்க சொன்னா, இதைச் செய்யுங்க.

பென்ஷனும் வைப்புத்தொகை வட்டியும் வர்ற அக்கவுன்ட் ஒண்ணு. தினச் செலவுக்கு இன்னொண்ணு. யுபிஐயை ரெண்டாவது அக்கவுன்ட்ல மட்டும் இணைங்க. மாசம் ஒண்ணாம் தேதி 10,000 ரூபாயோ 15,000 ரூபாயோ முதல் அக்கவுன்ட்ல இருந்து ரெண்டாவதுக்கு மாத்துங்க. பேங்க்ல 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்' கொடுத்தா மாசாமாசம் தானாவே போகும். அதிகபட்சம் என்ன ஆகும்? யாராவது ஏமாத்தினாலும் அந்த மாசச் செலவுப் பணம்தான் போகும். கிராஜுவிட்டி போகாது.

முதல் அக்கவுன்ட்டோட பேங்க் ஆப் ஃபோன்ல இருந்தா, பணம் அனுப்புற லிமிட்டைக் குறைச்சு வைங்க. ஆன்லைன்லயே ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கிற வசதி பல பேங்க் ஆப்ல இருக்கு. மோசடிக்காரங்களுக்கு அது ரொம்பப் பிடிச்ச வசதி. அதை நிறுத்தி வைக்க முடியுமான்னு கிளையில கேளுங்க. நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாதான் டெபாசிட் உடையும்னா, அது உங்களுக்குச் சிரமம்தான். அந்தச் சிரமம்தான் உங்க காவல்.

பிள்ளைங்க உங்களுக்காக மருந்து, மளிகை வாங்கித் தர்றாங்கன்னா, யுபிஐ பின்னை அவங்ககிட்ட சொல்ல வேண்டிய தேவை இல்ல. 2024 ஆகஸ்ட்ல வந்த யுபிஐ சர்க்கிள் மூலமா, உங்க அக்கவுன்ட்ல இருந்து அவங்க செலவு பண்ண அனுமதி கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் நீங்க ஒப்புதல் கொடுக்கிற மாதிரியும் வைக்கலாம், மாசம் 15,000 ரூபாய் வரைக்கும்னு உச்சவரம்பு போட்டும் விடலாம். பணம் உங்களோடது, கட்டுப்பாடும் உங்களோடது. வீட்ல மரியாதையும் கெடாது.

ஒரு குறிப்பு. யுபிஐ ஆப் பதிவு ஆகணும்னா பேங்க் நம்பர் சிம் அதே ஃபோன்ல இருக்கணும். பேங்க் சிம்மைப் பட்டன் ஃபோன்ல போட்டுட்டு, ஸ்மார்ட்ஃபோன்ல யுபிஐ வரலையேன்னு தேடாதீங்க. எந்தச் சிம் எந்த ஃபோன்லங்கிறதை முதல்லயே முடிவு பண்ணிக்குங்க.

மிரட்டுற கால் வந்தா

ரிட்டயர் ஆனவங்களைக் குறி வச்சு நடக்கிற மோசடியில 'டிஜிட்டல் அரெஸ்ட்' ரொம்ப மோசமானது. போலீஸ், சிபிஐ, சுங்கத்துறைன்னு யூனிஃபார்ம்ல வீடியோ கால்ல வருவாங்க. "உங்க ஆதார்ல போதைப்பொருள் பார்சல் வந்திருக்கு, யார்கிட்டயும் பேசக் கூடாது, கேமரா முன்னாடியே உட்காருங்க"ன்னு மிரட்டுவாங்க. வாழ்நாள் முழுக்க நேர்மையா வேலை பார்த்தவங்கதான் இதுக்கு அதிகமா பயப்படுவாங்க. 2024 அக்டோபர்ல பிரதமரே வானொலி உரையில இதைப் பத்தி எச்சரிச்சார். டிஜிட்டல் அரெஸ்ட்னு நம்ம சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாது. கட் பண்ணுங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா, அப்பவே சொல்லிடுங்க: மனைவிகிட்ட, பக்கத்து வீட்ல, யார்கிட்டயாவது.

பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டு உட்காராதீங்க. உடனே 1930. இது சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்குக் கைமாறுறதுக்குள்ள நிறுத்தி வைக்க முயற்சி பண்ணுவாங்க, அதனால ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அப்புறம் பேங்குக்குச் சொல்லுங்க. உங்க தப்போ பேங்க் தப்போ இல்லாம மூணாவது ஆள் பண்ணின மோசடியை 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா, உங்க மேல நஷ்டம் விழக் கூடாதுன்னு 2017ல ரிசர்வ் வங்கி விதி போட்டது. நீங்களே ஓடிபி சொல்லியிருந்தா, பேங்குக்குச் சொல்ற வரைக்கும் ஆன நஷ்டம் உங்களோடது. அதனால எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்றதுதான் லாபம்.

ஃபோனே தொலைஞ்சா வரிசை இதுதான்: சிம் கம்பெனிக்குச் சொல்லி சிம்மை நிறுத்துங்க, பேங்குக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்துங்க, போலீஸ்ல புகார் கொடுங்க, டூப்ளிகேட் சிம் வாங்குங்க, அப்புறம் சஞ்சார் சாத்தி தளத்துல ஃபோனையே முடக்குங்க. அதுக்கு ஐஎம்இஐ நம்பர் வேணும். இப்பவே *#06# அழுத்தினா திரையில வரும், எழுதி வைங்க. அதே தளத்துல உங்க பேர்ல மொத்தம் எத்தனை சிம் இருக்குன்னும் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத நம்பர் இருந்தா, என்னோடது இல்லைன்னு அங்கேயே புகார் பண்ணலாம்.

கண்ணு, காது, விரல்

கடையில ஃபோனை வெறும் கண்ணாடிப் பெட்டியில பார்த்துட்டு வராதீங்க. நீங்க படிக்கிற கண்ணாடி இல்லாம நம்பர் தெரியுதா? எழுத்தைப் பெரிசாக்கினா திரை ஒழுங்கா இருக்கா? ஸ்பீக்கர்ல பேசினா கேட்குதா? கைரேகை பதியுதா? வயசானா ரேகை தேஞ்சுபோகும், வீட்டு வேலை அதிகமா செஞ்ச கைக்கு இன்னும் சிரமம். பதியலைன்னா ஆறு இலக்க பின் போட்டுக்குங்க, பிறந்த வருஷம் வேண்டாம். ஆங்கிலத்துல டைப் பண்ணக் கஷ்டப்பட வேண்டாம், கீபோர்டுல மைக்கைத் தொட்டுத் தமிழ்லயே பேசினா எழுத்தா வரும்.

அவசரத்துக்கு 112. ஸ்மார்ட்ஃபோன்ல பவர் பட்டனை வேகமா மூணு அல்லது அஞ்சு தடவை, பட்டன் ஃபோன்ல 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிச்சா அவசர அழைப்பு போகும். உங்க மாடல்ல எப்படின்னு வாங்குற அன்னிக்கே கடைக்காரர்கிட்ட கேட்டுக்குங்க. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567ஐயும் பதிவு பண்ணி வைங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. எந்த அக்கவுன்ட்டுக்கு எந்த நம்பர், அந்த சிம் யார் பேர்லன்னு ஒரு பக்கம் எழுதுங்க.

2. ஆபீஸ் நம்பர், பிள்ளை பேர்ல இருக்கிற நம்பர் எல்லாத்தையும் மாத்துங்க. துணைவிக்கோ கணவருக்கோ தனி நம்பர் இருக்கான்னு பாருங்க.

3. யுபிஐயைச் செலவு அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க.

4. இப்ப இருக்கிற ஃபோனோட கடைசிப் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்க. இன்னும் வந்துட்டு இருந்தா, புது ஃபோனே வேண்டாம். அந்தப் பணத்தை வச்சுக்குங்க.

5. எழுதின பேப்பரை, பின்னும் பாஸ்வேர்டும் இல்லாம, நாமினி விவரம் வைக்கிற அதே ஃபைல்ல வைங்க. ஃபைல் எங்க இருக்குன்னு வீட்ல ஒருத்தருக்காவது தெரியட்டும்.

இதுல நாலு வேலைக்கு ஒரு ரூபாய்கூட செலவு இல்ல. இதையெல்லாம் முடிச்சிட்டு, பிறகு கடைக்குப் போங்க. அப்ப கேமராவைப் பத்திப் பேசுங்க, கலரைப் பத்திப் பேசுங்க, பேரப்பிள்ளைக்குப் பிடிச்ச கவர் போட்டுக்குங்க. வீடியோவா பார்க்க விரும்பறவங்க நம்ம சேனல்ல பார்க்கலாம். அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப்போறவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல இருந்தா, மாலையும் சால்வையும் வாங்குறதுக்கு முன்னாடி இதை அனுப்பி வைங்க.